நம்பர் கோக்குமாக்கா வருதுங்களா? எக்ஸ்ரே கிறிஸ்டலோகிராஃபில யூனிட் தப்பப் புடிக்கற வழி

போன வாரம் லேப்பப் பூட்டிட்டுக் கெளம்பற நேரம், கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துப் புள்ள ஒண்ணு தொறந்த லேப்டாப்பக் கையில ஏந்திக்கிட்டே படியேறி வருது. "அண்ணா, சித்த பாருங்ணா, சில்வர் நானோ பார்ட்டிகிள் சைஸ் 0.37 நானோமீட்டர்னு வருதுங்ணா, கைடு புடிச்சுக் கத்தறாருங்ணா"ன்னு அழுகாத கொற. "அம்மணி, வெள்ளியோட யூனிட் செல்லே, அதாவது அணுக்க திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கற சின்னப் பெட்டியே, 0.4086 நானோமீட்டர். உன்ற துகளு ஒரு செல்லவிடச் சின்னதா இருக்குது, ஊட்டவிட வாசக்கதவு பெருசுன்னு சொல்ற மாதிரி"ன்னேன். அப்பத்தான் சிரிச்சுது.

டேட்டால தப்பில்ல, மெசின்லயும் தப்பில்ல, யூனிட்ல தப்பு. எக்ஸ்ரேயக் கிறிஸ்டல் மேல அடிச்சுச் செதறி வர்றத வெச்சு அணு அடுக்க அளக்கற எக்ஸ்ரே கிறிஸ்டலோகிராஃபில இந்த மாதிரிக் கேஸு நெறைய வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாயால சொல்லிச் சொல்லித் தொண்ட வத்திப்போச்சு, அதான் எழுதிப் போட்டறலாம்னு உக்காந்துட்டேன்.

சாஃப்ட்வேர்ல கை வெக்கறதுக்கு முன்னால ஒரு வேல பண்ணுங்க. உங்களுக்கு வந்த நம்பரையும் வந்திருக்கோண்டிய நம்பரையும் எடுத்து ஒண்ண ஒண்ணால வகுங்க. வந்திருக்கோண்டிய நம்பர் தெரியாட்டி உப்பு, வெள்ளி, சிலிகான்னு தெரிஞ்ச சாம்பிள் ஒண்ண அதே ஷீட்டுல போட்டுப் பாருங்க. சாதாரணத் தப்புன்னா விகிதம் ஏதோ ஒரு தாறுமாறான நம்பரா இருக்கும். யூனிட் தப்புன்னா பெரும்பாலும் 10, 57.3, 79, 6.28, 1.89, 1.002 இதுல ஒண்ணு வந்து நிக்கும். அந்தப் புள்ளைக்கு சைஸ் 21 நானோமீட்டர் வந்திருக்கோணும், 21.0ஐ 0.367ஆல வகுத்தா 57.3. அதுக்கு மேல அவ எக்ஸெல் ஷீட்டப் பாக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்ல.

விகிதம் 57.3 வருது

டிகிரிக்கும் ரேடியனுக்கும் நடுவுல மாட்டிட்டீங்க. 180ஐ பையால வகுத்தா 57.3 தான். பீக் அகலத்த வெச்சுத் துகள் சைஸ் கண்டுபுடிக்கற ஷெர்ரர் ஃபார்முலால பீட்டாங்கற பீக் அகலம் ரேடியன்ல இருக்கோணும், ஆனா மெசினோ ஒரிஜின்ங்கற கிராஃப் சாஃப்ட்வேரோ குடுக்கற அகலம் டிகிரி. அவ கேஸ எடுத்துக்குங்க, பீக் 38.2 டிகிரி, அகலம் 0.4 டிகிரி, லாம்டாங்கற எக்ஸ்ரே அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு), கேங்கற மாறிலி 0.9. அகலத்த மாத்துனா 0.00698 ரேடியன், அதப் போட்டா 210 ஆங்ஸ்ட்ராம், அதாவது 21 நானோமீட்டர். மாத்தாமப் போட்டா 3.67 ஆங்ஸ்ட்ராம். (மெசினோட சொந்த அகலத்தக் கழிக்கறது வேற கத, அது யூனிட் பிரச்சினை இல்ல, இன்னொரு நாள் பேசலாம்.)

இதுல ஒரு நல்ல விசயம் என்னன்னா தப்பு பளிச்சுனு தெரியும். பயப்பட வேண்டியது அடுத்ததுதான்.

விகிதம் எதுக்கும் ஒத்து வரல, ஆனா டி வேல்யூ ஏதோ நம்பற மாதிரித்தான் இருக்குது

டி வேல்யூங்கறது அணு அடுக்குகளோட இடைவெளி, லாம்டாவ ரெண்டு சைன் தீட்டாவால வகுத்தா வரும். எக்ஸெல்லோட சைன் ஃபங்சன் ரேடியன் மட்டுந்தான் எடுக்கும். வெள்ளியோட 111ங்கற அடுக்கோட பீக் நிக்கற ரெண்டு தீட்டா 38.12 டிகிரி, தீட்டா அதுல பாதி, 19.06. சரியாப் போட்டா டி 2.359 ஆங்ஸ்ட்ராம், செல் 4.086. 19.06ன்னு அப்படியே சைனுக்குள்ள போட்டீங்கன்னா எக்ஸெல் அத 19.06 ரேடியன்னு எடுத்துக்கிட்டு 0.209னு ஒரு பதில் தரும், அதுல டி 3.69 வரும், செல் 6.39 வரும். பாருங்க எத்தன மரியாதையான நம்பர்! எர்ரர் வராது, மைனஸ் வராது, 6.39 ஆங்ஸ்ட்ராம் செல் உள்ள பொருளு உலகத்துல எத்தனையோ இருக்குது, கைடும் அவசரத்துல ஓகே போட்டறுவாரு. சைன் வளைஞ்சு வளைஞ்சு போறதால இதுல நிலையான விகிதமே கெடையாது, ஒவ்வொரு பீக்குக்கும் ஒவ்வொரு மாதிரித் தப்பும். அதனால ஒத்தப் பீக்க வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு நாலு பீக்குல செல் போட்டுப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது.

புது கால்குலேட்டரோ புது ஷீட்டோ கையில வந்தா மொதல்ல சைன் 30 தட்டுங்க. 0.5 வந்தா டிகிரி. மைனஸ் 0.988 வந்தா ரேடியன். எக்ஸெல்லுல ரேடியன்ஸ்னே ஒரு ஃபங்சன் இருக்குது, அதுக்குள்ள போட்டு அப்புறம் சைனுக்குக் குடுங்க.

டி வேல்யூ கிட்டத்தட்டப் பாதிதான் வருது

தீட்டா போட வேண்டிய எடத்துல ரெண்டு தீட்டாவப் போட்டிருப்பீங்க. அதே வெள்ளிக்கு 38.12ஐ அப்படியே போட்டா டி 1.248. சரியாப் பாதியா இருக்காது, சின்ன கோணத்துல பாதிக்குப் பக்கத்துல இருக்கும், பெரிய கோணத்துல தள்ளிப் போகும்.

சிங்கிள் கிறிஸ்டல்காரங்களுக்கு இது வேற ரூபத்துல வரும். கிறிஸ்டல் முடிவுகளப் பதிஞ்சு வெக்கற சிஐஎஃப் ஃபைல்ல தீட்டா மேக்ஸ்னு இருக்கறது தீட்டா, மெசின் ஸ்கிரீன்ல ஓடறது ரெண்டு தீட்டா. டேட்டா முழுசா இருக்கோண்டிய கோணமான தீட்டா ஃபுல் எடத்துல, எக்ஸ்ரே மாலிப்டினத்துல இருந்து வந்தா 25.242, காப்பர்னா 67.684னு பாத்திருப்பீங்க, அது எங்கிருந்து வந்துச்சுன்னா ரெண்டுக்குமே சைன் தீட்டாவ லாம்டாவால வகுத்தா 0.6 தான், ரெசொலூசன்ல சொன்னா 0.83 ஆங்ஸ்ட்ராம். ஒரு தம்பி மாலிப்டினத்துல 25.24 போதும்னு படிச்சுட்டு ரெண்டு தீட்டா 25க்கே ஸ்கேன நிறுத்திட்டு வந்துட்டான். மறுபடியும் ஸ்லாட் வாங்க ரெண்டு மாசம் ஆச்சு.

விகிதம் 10, 100, இல்லாட்டி 1000

இதுல கொஞ்சம் நின்னு பேசோணும், ஏன்னா இங்கதான் கூட்டம் ஜாஸ்தி.

ஒரே கார்பன் கார்பன் பாண்டு ஒரு பேப்பர்ல 1.54 ஆங்ஸ்ட்ராம், இன்னொண்ணுல 154 பிக்கோமீட்டர், மூணாவதுல 0.154 நானோமீட்டர். மூணும் சரிதான். ஆங்ஸ்ட்ராம் எஸ்ஐ யூனிட் கெடையாது. ஸ்வீடன்காரர் ஆங்ஸ்ட்ராம் 1868ல சூரிய நிறமாலைக்குப் படம் போட்டப்ப ஒரு மில்லிமீட்டர்ல கோடில ஒரு பங்கு வெச்சு அளந்தாரு, அது அப்படியே அவரு பேருல நின்னுருச்சு. எஸ்ஐ கையேட்டோட 8ஆம் பதிப்பு வரைக்கும் தனிப் பட்டியல்ல எடம் இருந்துச்சு, 2019ல வந்த 9ஆம் பதிப்புல அதுவும் போச்சு. ஆனா நம்மாளுக விடமாட்டாங்க, அணுவோட அளவே ஒண்ணு ரெண்டுன்னு வர்ற சௌகரியம் எதுல கெடைக்கும்? 1991ல வந்த சிஐஎஃப் அமைப்புல செல் நீளம் ஆங்ஸ்ட்ராம், கோணம் டிகிரி, வெப்பநிலை கெல்வின், கிறிஸ்டல் சைஸ் மில்லிமீட்டர், எக்ஸ்ரே உறிஞ்சறதச் சொல்ற அப்சார்ப்சன் மியூ மில்லிமீட்டருக்கு இத்தன, அழுத்தம் கிலோபாஸ்கல்னு ஒவ்வொண்ணுக்கும் அகராதில கட்டிப்போட்டிருக்காங்க. நீங்க யூனிட் எழுத எடமே இருக்காது, நம்பர் மட்டுந்தான், அதனால தப்பான யூனிட்ல போட்டாலும் அது வாயத் தொறக்காது.

அதுல அடிக்கடி மாட்றது மூணு. மொதல்ல மியூ. பழைய டேபிள்ல சென்டிமீட்டருக்கு இத்தனைன்னு இருக்கும், அத அப்படியே எடுத்து எழுதுனா பத்து மடங்கு. ரெண்டாவது கிறிஸ்டல் சைஸ். மைக்ராஸ்கோப்புல 250, 150, 100 மைக்ரான்னு பாத்துட்டு ஷெல்எக்ஸ்எல்ங்கற சாஃப்ட்வேர்ல சைஸ் லைன்ல 250 150 100னே அடிச்சாங்கன்னா, சாஃப்ட்வேர் நெனைக்கும் இவங்க கால் மீட்டர் நீளத்துல ஒரு கிறிஸ்டல மெசின்ல மாட்டியிருக்காங்கன்னு, டிரான்ஸ்மிசன் மினிமம் மேக்ஸிமம் ரெண்டும் பூஜ்யத்துக்குப் போயிரும். 0.25 0.15 0.10னு அடிக்கோணும். மூணாவது டிடெக்டர். பிலாட்டஸ் டிடெக்டரோட ஹெட்டர்ல தூரமும் பிக்ஸலும் மீட்டர்ல இருக்கும், அந்த டேட்டாவப் ப்ராசஸ் பண்ற எக்ஸ்டிஎஸ் சாஃப்ட்வேர் கேக்கறது மில்லிமீட்டர். ஹெட்டர்ல பாத்த 0.2 மீட்டர அப்படியே தூரம்னு போட்டீங்கன்னா 0.2 மில்லிமீட்டர் தூரத்துல டிடெக்டர் ஒட்டிக்கிட்டு நிக்கற மாதிரி ஆயிரும், இண்டெக்ஸிங் (புள்ளிகள வெச்சுச் செல்லக் கண்டுபுடிக்கறது) பண்ணி ஒரு செல்லுங் கெடைக்காது. 200னு போடுங்க, பிக்ஸல் 0.172. பைஃபாய்ங்கற சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கு நேர் உல்டா, அது மீட்டர்லதான் கேக்கும்.

அடர்த்தில ஒரு ரகசியம் இருக்குது. உப்பு எடுத்துக்குங்க, செல் 5.640 ஆங்ஸ்ட்ராம், வால்யூம் 179.4, செல்லுக்கு நாலு மூலக்கூறு, மூலக்கூறு எடை 58.44. நாலையும் 58.44ஐயும் யூனிட் மாத்தற எண்ணான 1.6605ஐயும் பெருக்கி 179.4ஆல வகுத்தா 2.16 கிராம் பெர் சிசி. செல்ல நானோமீட்டர்ல போட்டுட்டீங்கன்னா 2163 வரும். இத ஒருத்தரு பாத்துட்டு "ஓ, கிலோகிராம் பெர் கன மீட்டர்ல வந்திருக்குது போல"ன்னு பக்கத்துல யூனிட்ட மட்டும் மாத்தி எழுதிட்டாரு. பதில் சரி! ரெண்டு எடத்துலயும் ஆயிரந்தான், அதனால ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. ஆனா அதே நானோமீட்டர் செல் அடுத்த ஷீட்டுக்குப் போயி அங்க எல்லாத்தயும் கெடுத்துச்சு. சரியான பதில் வந்துச்சுன்னு உள்ள இருக்கற யூனிட்டயும் நம்பிறாதீங்க.

செல் வால்யூம் சரியான்னு பாக்க சீக்கிரமான வழி, ஹைட்ரஜன் தவிர்த்து ஒரு அணுவுக்குச் சுமார் 18 கன ஆங்ஸ்ட்ராம். நம்ம ஈரோட்டு மஞ்சள்ல இருக்கற குர்குமின்ல 21 கார்பன், 6 ஆக்ஸிஜன், மொத்தம் 27, பதினெட்டால பெருக்குனா ஒரு மூலக்கூறுக்கு 486, செல்லுல எத்தன மூலக்கூறோ அத்தனையால பெருக்கிக்குங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா மூலக்கூறுக்கு 0.486ஓ 48 ஆயிரமோ வந்தா எங்கியோ புள்ளி நகந்திருச்சு. ஆர்கானிக் கிறிஸ்டலுக்குத்தான் இந்தக் கணக்கு, உலோகத்துக்கெல்லாம் போட்டுப் பாத்துட்டு என்னயத் திட்டாதீங்க.

சிஐஎஃப்ல வெப்பநிலை 293 இல்லாட்டி 373னு நிக்குது

லிக்விட் நைட்ரஜன் ஊத்தி 100 கெல்வின்ல எடுத்த டேட்டா, ஆனா ஃபைல்ல 293னு இருக்குது. காரணம், ஷெல்எக்ஸ்எல்லுல டெம்ப்ங்கற லைன் செல்சியஸ். நீங்க ஒண்ணும் போடாட்டி 20 டிகிரின்னு அதுவே எடுத்துக்கிட்டுக் கெல்வினுக்கு மாத்தி 293ன்னு எழுதி, பக்கத்துல அடைப்புக்குள்ள 2னும் சேத்துரும். அந்த ரெண்டு டிகிரி நிச்சயமின்மைய யாரும் அளக்கல, சாஃப்ட்வேர் இஷ்டத்துக்குப் போட்டது. 373னு வந்தா நீங்க டெம்ப் 100னு கெல்வின அடிச்சிருக்கீங்க, அது 100 டிகிரி செல்சியஸ்னு எடுத்துக்கிச்சு. மைனஸ் 173னு மாத்துங்க.

சும்மா எழுத்துப் பிழைதானேன்னு விட்டறாதீங்க. ஷெல்எக்ஸ்எல் ஹைட்ரஜன உக்காரவெக்கற தூரத்தயே இத வெச்சுத்தான் முடிவு பண்ணுது, பென்சீன் வளையத்துக் கார்பன் ஹைட்ரஜன் தூரம் ரூம் டெம்பரேச்சர்னா 0.93, மைனஸ் 70க்குக் கீழ போனா 0.95 ஆங்ஸ்ட்ராம். அதனால சிஐஎஃப்ல மட்டும் கையால 100னு திருத்துனாப் பத்தாது, ஷெல்எக்ஸ்எல்லுக்குக் குடுக்கற இன்ஸ் ஃபைல்ல மாத்தி ஹைட்ரஜன எல்லாம் எடுத்துட்டுத் திரும்ப வெச்சு ரிஃபைன் ஓட்டோணும்.

ரூம் டெம்பரேச்சர்ல எடுத்தவங்களும் 293ன்னு விட்டறாதீங்க, 20 டிகிரிங்க அது! மே மாசம் கரூர்ல கரண்டு போன லேப்புல 293 கெல்வின்ல டேட்டா எடுத்தேன்னு ஒருத்தர் எழுதுனா எனக்கு அவரு லேப்புல போயிக் குடியிருக்கலாம்னு தோணுது. தெர்மாமீட்டரப் பாத்து 297ஓ 303ஓ உள்ளத எழுதுங்க.

பழைய பேப்பரோட செல்லு ஆயிரத்துக்கு ரெண்டு குறையுது

விகிதம் 1.002 வந்தா நீங்க குடுத்து வெச்சவங்க, எனக்குப் புடிச்ச கோளாறு இது. எங்க அமுச்சி ஊட்டுல நெல்லு அளக்க வள்ளம் இருக்கும், நாலு படி ஒரு வள்ளம், அதுல சண்டையே இல்ல, சண்டையெல்லாம் எந்த ஊட்டுப் படிங்கறதுலதான். இங்கயும் அதே நாயம். 1920கள்ல ஸ்வீடன் இயற்பியலாளர் சீக்பான் எக்ஸ்ரே அலைநீளத்துக்கு ஒரு படி செஞ்சாரு, கால்சைட் கிறிஸ்டலோட அடுக்கு இடைவெளி 3029.45 எக்ஸ் யூனிட்னு வெச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் அதோட ஒப்பிட்டு அளந்தாரு. ஆயிரம் எக்ஸ் யூனிட், அதாவது ஒரு கேஎக்ஸ், ஒரு ஆங்ஸ்ட்ராம்னு எல்லாரும் நம்புனாங்க. ஆனா அந்தக் கால்சைட் இடைவெளியக் கணக்குப் போட அவகாட்ரோ எண் வேணும், அதுக்கு எலக்ட்ரான் சார்ஜ் வேணும், மில்லிகனோட எண்ணெய்த் துளிச் சோதனைல வந்த சார்ஜ் 0.6 சதம் குறைச்சல், ஏன்னா அவரு எடுத்துக்கிட்ட காத்தோட பாகுநிலை எண் தப்பு. 0.6 சதத்துக்குக் கன மூலம் எடுத்தா மூணுல ஒரு பங்கு, 0.2 சதம். காத்து கொழகொழப்புல விழுந்த தப்பு உப்புக் கல்லோட நீளம் வரைக்கும் வந்து சேந்திருக்குது பாருங்க.

1947ல கிறிஸ்டலோகிராஃபில பெரிய ஆளான பிராக் 1.00202ன்னு மாத்து எண்ண அறிவிச்சாரு. அதுக்கு முந்துன பேப்பர்ல ஆங்ஸ்ட்ராம்னே அச்சடிச்சிருந்தாலும் நெறைய எடத்துல அது கேஎக்ஸ்தான். எப்படித் தெரியும்? அவங்க என்ன அலைநீளம் யூஸ் பண்ணாங்கன்னு பாருங்க, காப்பர் கே ஆல்ஃபா ஒண்ணுக்கு 1.5374னு இருந்தா கேஎக்ஸ், 1.5405ன்னு இருந்தா ஆங்ஸ்ட்ராம். உப்பு 5.628னு இருந்தா 1.00202ஆல பெருக்குங்க, 5.639 வந்துரும். ஆனா 1.002 வந்துட்டா கண்ண மூடிக்கிட்டு கேஎக்ஸ்னு சொல்லிறாதீங்க, சராசரி 1.5418 போட வேண்டிய எடத்துல 1.5406 போட்டாலும் ஆயிரத்துக்கு ஒண்ணு கிட்ட இழுக்கும், வெப்பநிலை வித்தியாசத்துலயும் செல் விரியும்.

தெர்மல் பாராமீட்டர் 79 மடங்கு

அணு எத்தன அதிருதுன்னு சொல்றதுதான் தெர்மல் பாராமீட்டர், அத பின்னும் யூன்னும் ரெண்டு விதமா எழுதுவாங்க. பி வேற, யூ வேற. யூவ எட்டு பை ஸ்கொயரால, அதாவது 78.96ஆல பெருக்குனா பி. ரெண்டுக்கும் யூனிட் ஒண்ணேதான், ஆங்ஸ்ட்ராம் ஸ்கொயர், அதான் குழப்பமே. சின்ன மூலக்கூறுக்காரங்க யூ எழுதுவாங்க, 0.05னு இருக்கும், புரோட்டீன்காரங்க பி எழுதுவாங்க, 20, 30ன்னு இருக்கும். புரோட்டீன் மாடல்ல லிகண்ட (புரோட்டீனோட ஒட்டற சின்ன மூலக்கூற) மட்டும் சின்ன மூலக்கூறு ஃபைல்ல இருந்து ஒட்டுனா அந்த அணுவுக்கெல்லாம் பி 0.05னு ஆணியடிச்ச மாதிரி நிக்கும். புரோட்டீன் மாடலப் பதியற பிடிபி ஃபைல்ல அனைசோயூங்கற லைன் இன்னொரு தினுசு, அது யூதான், ஆனா பத்தாயிரத்தால பெருக்குனது.

6.28, 1.89

6.28ன்னா ரெண்டு பை. சைன் தீட்டாவ லாம்டாவால வகுத்து ரெண்டால பெருக்குனா ஒண்ண டியால வகுத்த நம்பர், நாலு பையால பெருக்குனா க்யூங்கற நம்பர். கிறிஸ்டலோகிராஃபர் மொதல்லதப் போடுவாரு, பிசிக்ஸ்காரரு ரெண்டாவதப் போடுவாரு, ரெண்டு பேரும் யூனிட் ஆங்ஸ்ட்ராம் இன்வர்ஸ்னுதான் எழுதுவாங்க. ஆக்ஸிஸ்ல என்ன எழுத்து போட்டிருக்குன்னு பாக்கறதத் தவிர வேற வழியில்ல.

1.89 வந்தா போர்ங்கற நீள யூனிட். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோங்கற கணக்குப் போடற சாஃப்ட்வேர்ல செல்டிஎம்ங்கற செல் நீளத்த போர் யூனிட்ல கேக்கும், ஒரு போர் 0.5292 ஆங்ஸ்ட்ராம். உப்புக்கு 10.66 போடோணும், 5.64 போட்டா சோடியமும் குளோரினும் 1.49 ஆங்ஸ்ட்ராம்ல நசுங்கி அழுத்தம் எங்கியோ போகும். மூலக்கூறு அசைவக் கணக்குப் போடற க்ரோமாக்ஸ் கேக்கறது நானோமீட்டர், அது பத்து மடங்கு கேஸ்.

பீம்லைன் டேட்டா, இண்டெக்ஸே ஆகமாட்டேங்குது

இந்தூர் இண்டஸ்-2 மாதிரி சிங்க்ரோட்ரான்ங்கற பெரிய எக்ஸ்ரே மையத்துக்குப் போயிட்டு வந்தவங்க அலைநீளம் எடத்துல எனர்ஜியோட யூனிட்டான கேஇவியப் போட்டிருப்பாங்க. 12.398ஐ கேஇவியால வகுத்தா ஆங்ஸ்ட்ராம், 15.5 கேஇவின்னா 0.80 ஆங்ஸ்ட்ராம். இது பெருக்கல் இல்ல, தலைகீழ், அதனால விகிதம் பாத்தாப் புடிபடாது. எங்கப்பா மில்லுல இருந்தவரு, அவருக்கு இதச் சொன்னப்ப "கவுண்டும் டெக்ஸும் மாதிரியா"ன்னு கேட்டாரு. அதேதான். ஒரு பவுண்டுல 840 கஜச் சிட்டம் எத்தனைங்கறது கவுண்ட், ஆயிரம் மீட்டர் நூலு எத்தன கிராம்ங்கறது டெக்ஸ், 590.5ஐ கவுண்டால வகுத்தா டெக்ஸ், 40 கவுண்ட் நூலு 14.8 டெக்ஸ். கவுண்ட் ஏற ஏற நூலு மெலியும், டெக்ஸ் ஏற ஏற தடிக்கும். எனர்ஜி ஏற ஏற அலைநீளம் குறையும். திருப்பூர்க்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

ஆங்ஸ்ட்ராம் குறி கட்டங்கட்டமா, கேள்விக்குறியா வருது

யூனிகோட்ல அந்தக் குறி ரெண்டு எடத்துல இருக்குது, வட்டம் வெச்ச ஏங்கற எழுத்து ஒண்ணு, ஆங்ஸ்ட்ராம் குறின்னே தனியா ஒண்ணு. பாக்க ஒரே மாதிரி, தேடுனா ஒண்ணுக்கொண்ணு சிக்காமப் போகலாம். எழுத்தையே யூஸ் பண்ணுங்க. சிஐஎஃப்குள்ள பேக்ஸ்லாஷ், பெர்சன்ட், பெரிய ஏன்னு அடிக்கோணும்.

தீசிஸ்ல ஏ அடிச்சுட்டுப் பக்கத்துல மேல டிகிரி சுழியப் போடறத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. அந்த கோபிப் புள்ளயும் அப்படித்தான் அடிச்சிருந்தா, ஜர்னல்ல சுழி வேண்டாம்னாங்கன்னு ஃபைண்ட் ரீப்ளேஸ்ல எல்லாத்தயும் டிகிரின்னு மாத்திட்டா. பீக் பொசிசன் 38.12 டிகிரின்னு அழகா வந்துச்சு. செல் நீளம் 4.086 ஏ டிகிரி.